சுண்ணக்குன்றிலிருந்து மணற்காடு வரை: செல்போர்ன் பாரிஷ் – கேள்வி பதில்

தென் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் உள்ள செல்போர்ன் என்னும் சிற்றூரைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பக்கத்து ஊரான ஆல்டனில் வசிக்கும் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை பதில் சொல்கிறார்.

கு. மீ., கோயம்புத்தூர்: இங்கிலாந்தில் எத்தனையோ கிராமங்கள் இருக்க, செல்போர்னைப் பற்றித் தனியாகப் பேச என்ன இருக்கிறது அம்மா? கோட்டை கொத்தளம் ஏதாவது உண்டா?

கோட்டை கிடையாது. பெரிய போர் நடக்கவில்லை, அரசர் யாரும் பிறக்கவில்லை. முக்கால் மைல் நீளத்தில் ஒரே தெரு, அவ்வளவுதான் ஊர். ஆனால் 1720-இல் இங்கே பிறந்து 1793-இல் இங்கேயே இறந்த கில்பர்ட் வைட் என்ற உதவிப் பாதிரியார், தன் ஊரின் மண், நீர், மரம், பறவை, பூச்சி, வானிலை அனைத்தையும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் குறித்துவைத்தார். தாமஸ் பென்னன்ட், டெய்ன்ஸ் பாரிங்டன் என்ற இரு அறிஞர்களுக்கு அவர் எழுதிய கடிதங்கள் 1789-இல் நூலாக வந்தன. ஒரு சிற்றூரை இவ்வளவு நெருங்கிப் பார்த்து எழுதிய நூல் அதற்கு முன் ஆங்கிலத்தில் இல்லை என்றே சொல்வேன்.

அந்த நூல் பறவையில் தொடங்குவதில்லை. ஊரின் எல்லை எது, எந்தப் பக்கம் என்ன பாறை, எங்கே என்ன மண், கிணறு எத்தனை அடி என்பதில் தொடங்குகிறது. பறவைகள் பிறகுதான் வருகின்றன. இந்த வரிசை மிகச் சரியானது. அடியில் இருக்கும் பாறை தெரிந்தால், மேலே வீடு ஏன் அங்கே நிற்கிறது, கோதுமை ஏன் அங்கே விளைகிறது, ஏழை ஏன் அந்தப் பக்கம் போய் விறகு பொறுக்கினான் என்பதெல்லாம் விளங்கிவிடும். இதை நான் பணியில் இருந்த காலமெல்லாம் மாணவர்களிடம் சொல்லிவந்தேன். உங்கள் கேள்விகளுக்கும் அந்த வழியில்தான் பதில் சொல்லப்போகிறேன்.

வாசகர், திருச்சி: வரைபடத்தில் எங்கே தேடுவது?

லண்டனுக்குத் தென்மேற்கே சுமார் 80 கி.மீ. ஆல்டனுக்குத் தெற்கே 6 கி.மீ. ஹாம்ப்ஷயரின் கிழக்கு ஓரம் அது. சசெக்ஸ், சர்ரி எல்லைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. இன்று இப்பகுதி சவுத் டவுன்ஸ் தேசியப் பூங்காவுக்குள் அடங்குகிறது.

அ. ஜெ., பாளையங்கோட்டை: பாரிஷ் என்றால் தேவாலயத்தின் ஆளுகைப் பகுதி என்றுதான் எங்களுக்குத் தெரியும். வரலாற்று நூல்களில் அதை ஒரு நிர்வாக அலகு போலப் பேசுகிறார்களே?

இரண்டும் உண்மை. தொடக்கத்தில் ஒரு கோயிலுக்கும் அதன் பாதிரியாருக்கும் தசமபாகம் (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு) செலுத்தும் நிலப்பரப்புதான் பாரிஷ். 16-ஆம் நூற்றாண்டிலிருந்து அரசு ஒவ்வொரு வேலையாக அதன் தலையில் ஏற்றியது. 1538 முதல் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றார்கள். 1555-இல் சாலைப் பராமரிப்பு வந்து சேர்ந்தது. 1601-இல் எலிசபெத் அரசி காலத்துச் சட்டம், தன் எல்லைக்குள் உள்ள ஏழைகளுக்குச் சோறு போடும் பொறுப்பையும் பாரிஷிடமே கொடுத்தது; அதற்காக உள்ளூரில் வரி வசூலித்துக்கொள்ளலாம். ஆகவே ஒருவன் எந்தப் பாரிஷைச் சேர்ந்தவன் என்பது வயிற்றுப்பாட்டுக் கேள்வி ஆகிவிட்டது. முதுமையில் அவனுக்குக் கஞ்சி ஊற்ற வேண்டியது யார் என்பதை அந்த எல்லைக்கோடு தீர்மானித்தது.

அதனால் எல்லையை மறக்காமல் இருக்க ஊரார் கூட்டமாக அதைச் சுற்றி நடந்து வருவார்கள். செல்போர்னில் அந்த நடைக்கு மூன்று நாள் பிடிக்கும் என்றும், வளைவு நெளிவுகளைச் சேர்த்தால் சுற்றளவு 30 மைலுக்குக் குறையாது என்றும் வைட் எழுதுகிறார். பன்னிரண்டு பாரிஷ்கள் அதைத் தொட்டுக்கொண்டிருந்தன; அவற்றில் இரண்டு சசெக்ஸைச் சேர்ந்தவை. இவ்வளவு சிறிய ஊருக்கு இவ்வளவு பெரிய எல்லை வந்ததற்குக் காரணம் கிழக்கே இருக்கும் மணற்காடு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இன்றைய வடிவிலான சிவில் பாரிஷும் அதற்கென்று தேர்ந்தெடுக்கப்படும் மன்றமும் 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தவை. அது முதல் கோயில் பாரிஷ் வேறு, ஊராட்சிப் பாரிஷ் வேறு.

புவியியல் ஆசிரியை, சேலம்: பாறை அடுக்குகளை வரிசையாகச் சொல்ல முடியுமா? வகுப்பில் பயன்படும்.

மகிழ்ச்சியோடு சொல்கிறேன். மேற்கிலிருந்து கிழக்காக நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நடக்க நடக்க, இளைய பாறையிலிருந்து மூத்த பாறைக்குப் போவீர்கள்.

முதலில் தென்மேற்கே சுண்ணக்குன்று. ஊரைவிட 300 அடி உயரம். சாக்பீஸைப் போலக் கையில் வெள்ளையாக ஒட்டும் மென்பாறை. அதன் செங்குத்தான சரிவு முழுவதும் பீச் மரக்காடு. அந்தத் தொங்குகாட்டுக்கு ஹேங்கர் என்று பெயர். உச்சியில் ஆடு மேயும் பொதுநிலம். ஒட்டிய மண் மெல்லியது, உழவுக்கு உதவாது. அதனால்தான் காடு காடாகவே நின்றது.

குன்றின் அடியில் பிசுபிசுப்பான ஒரு களிமண் பட்டை. உழுவது கடினம், ஆனால் நல்ல கோதுமை நிலம். அதைத் தாண்டினால் மால்ம் என்று ஊரார் சொல்லும் வெளிர்நிறக் கல்லாலான மேடை. தெருவும் வீடுகளும் கோயிலும் இதன் மேல்தான் நிற்கின்றன. பார்க்கச் சுண்ணப்பாறை போலத்தான் இருக்கும். ஆனால் இதைச் செதுக்கிச் சுவர் கட்டலாம், நெருப்பையும் தாங்கும். இது பொடிந்து உண்டாகும் மண்ணில் ஹாப்ஸ் கொடியின் வேர் ஆழமாக இறங்கும். பீர் காய்ச்ச வேண்டிய ஹாப்ஸ் இப்பகுதியின் பணப்பயிரானது இந்த மண்ணால்தான்.

அதற்கும் கிழக்கே, கால்ட் என்னும் நீலங்கலந்த சாம்பல் நிறக் களிமண். நீர் உள்ளே போகாது. ஈரத் தாழ்நிலம், ஓக் மரங்கள், புல்வெளி. கடைசியாகக் கிழக்கே மணல்: வூல்மர் காடு.

வூல்மர் பக்கத்து மணலில் கருப்பாக, இரும்பு கலந்த கல் கிடைக்கும். செல்போர்ன் கொத்தனார்கள் அதை ஆணித்தலை அளவுக்குச் சில்லு சில்லாக உடைத்து, மால்ம் கல் சுவரின் ஈரச் சாந்தில் வரிசையாகப் பதித்துவிடுவார்கள். வெள்ளைச் சுவரில் கருப்புப் புள்ளிக் கோலம் போல இருக்கும். வெளியூர்க்காரர்கள் பார்த்துவிட்டு, சுவரை ஆணி அடித்தா நிறுத்தியிருக்கிறீர்கள் என்று கேலியாகக் கேட்டதாக வைட் குறிக்கிறார். இன்றும் அந்தச் சுவர்களைக் காணலாம். பாரிஷின் நடுவில் கிடைத்த கல்லும் கிழக்குக் கோடியில் கிடைத்த கல்லும் ஒரே சுவரில் இருக்கின்றன. மாணவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

வாசகி, ஈரோடு: பள்ளத்துப் பாதைகள் என்று ஏதோ படித்தேன். வெட்டியதா, தானாக உண்டானதா?

யாரும் வெட்டவில்லை. வண்டிச் சக்கரமும் குளம்பும் மழைநீரும் சேர்ந்து பல நூற்றாண்டுகளாக அரைத்தது. ஆல்டனுக்குப் போகும் பாதை ஒன்று, காட்டுக்குப் போகும் பாதை ஒன்று. வண்டி அரைத்த பொடியை அடுத்த மழை அடித்துக்கொண்டு போகும். மறுபடி சக்கரம் அரைக்கும். வைட் காலத்திலேயே சில இடங்களில் வயல் மட்டத்துக்குக் கீழே 16 முதல் 18 அடி ஆழம் வந்துவிட்டது. முதல் கல்லடுக்கு முழுவதும் தேய்ந்து இரண்டாவதில் பாதை ஓடியது.

உள்ளே இறங்கி நின்றால் இரு பக்கமும் பாறைச் சுவர். தலைக்கு மேலே, வயல் ஓரத்து மரங்களின் வேர்கள் பாறை இடுக்கில் நுழைந்து, வெளியே வந்து, முறுக்கிக்கொண்டு தொங்குகின்றன. சுவரில் பெரணியும் பாசியும். குளிர்காலத்தில் கசிவு நீர் அப்படியே உறைந்து பனிக்கட்டி விழுதுகளாகத் தொங்கும். மேலிருந்து எட்டிப் பார்த்த பெண்கள் பயந்ததாகவும், தைரியம் இல்லாத குதிரைக்காரர்கள் நடுங்கியதாகவும் வைட் சொல்கிறார். மழை பெய்தால் அது பாதையா ஓடையா என்று தெரியாது. இந்தக் கல் இன்னும் கொஞ்சம் கடினமாக இருந்திருந்தால் பாதை மேலேயே இருந்திருக்கும். இன்னும் மென்மையாக இருந்திருந்தால் சுவர் நிற்காமல் சரிந்திருக்கும்.

குளிர்காலத்தில் இந்த ஊர் வெளியுலகத்திடமிருந்து ஏன் துண்டிக்கப்பட்டது என்பதற்கும் இதுவே விடை.

ம. செ., யாழ்ப்பாணம்: ஒரு குன்று இரு கடல்களுக்குத் தண்ணீர் அனுப்புகிறது என்கிறார்களே?

ஆம், நோர் குன்று. அதன் தெற்குப் பக்கத்து நீர் ஆருன் ஆற்றோடு சேர்ந்து ஆங்கிலக் கால்வாய்க்குப் போகிறது. வடக்குப் பக்கத்து நீர் செல்போர்ன் ஓடையாகி, வே ஆற்றில் கலந்து, வேபிரிட்ஜில் தேம்ஸைச் சேர்ந்து, வடகடலில் முடிகிறது. வெல்ஹெட் என்ற ஊற்றுதான் அந்த ஓடையின் பிறப்பிடம். மழை பொய்த்தாலும் அது பெரிதாக வற்றாது, கொட்டித் தீர்த்தாலும் பெரிதாகப் பெருகாது. சுண்ணப்பாறை மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு சிறிது சிறிதாக விடுவதே காரணம். ஊரின் மறு முனையில் உள்ள சிற்றோடைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அது அடிக்கடி வறண்டுவிடும்.

அதே வாசகர்: கிணறுகள்?

சராசரி ஆழம் 63 அடி என்று வைட் கணக்குச் சொல்கிறார். அந்த ஆழம் போய்விட்டால் தண்ணீர் வற்றுவது அபூர்வம். கீழே இருக்கும் கால்ட் களிமண் நீரை மேற்கொண்டு இறங்கவிடாமல் தாங்கிக்கொள்கிறது. குடிக்க இனிமையான நீர், ஆனால் சோப்பு நுரைக்காது. சுண்ணம் கரைந்த கடின நீர். ஆல்டனில் என் வீட்டுக் கெண்டியிலும் வெள்ளைப் படிவம் உண்டு.

ஆய்வு மாணவர், மதுரை: வைட் வாழ்நாள் முழுவதும் அந்த ஊர்க் கோயிலின் தலைமைப் பாதிரியார் ஆகவில்லை என்று கேள்விப்பட்டேன். அவருடைய தாத்தா ஆகியிருந்தாராம். ஏன் இந்த வேறுபாடு?

நல்ல கேள்வி. இதற்கு 13-ஆம் நூற்றாண்டுக்குப் போக வேண்டும். 1233-இல் வின்செஸ்டர் ஆயர் பீட்டர் டி ரோஷ், செல்போர்னுக்குக் கிழக்கே ஓடைப் பள்ளத்தாக்கில் அகஸ்தீனியத் துறவிகளுக்காக ஒரு மடம் கட்டினார். ஊரின் நடுவே பிளெஸ்டர் என்ற சிறு மைதானம் இருக்கிறது. அதை 1271-இல் ஆடம் குர்டன் என்ற பிரபுவும் அவர் மனைவியும் மடத்துக்குத் தானமாகக் கொடுத்தார்கள். இரண்டு நூற்றாண்டுக்குள் மடம் கடனிலும் ஒழுங்கீனத்திலும் மூழ்கிவிட்டது. 1480-களில், எட்டாம் ஹென்றி மடங்களை ஒழிப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே, இதை மூடிவிட்டு, சொத்துகளை ஆக்ஸ்ஃபோர்டின் மாட்லின் கல்லூரிக்கு மாற்றினார்கள். அந்தக் கல்லூரியை நிறுவிய வில்லியம் வேன்ஃப்ளீட்டும் வின்செஸ்டர் ஆயர்தான்.

நிலத்தோடு, செல்போர்ன் கோயிலுக்குப் பாதிரியாரை நியமிக்கும் உரிமையும் கல்லூரிக்கு வந்தது. கல்லூரி தன் உறுப்பினர்களையே நியமித்தது. தாத்தா மாட்லின் கல்லூரிக்காரர். ஆகவே பதவி கிடைத்தது. பேரன் படித்து உறுப்பினரானது ஓரியல் கல்லூரியில். அதனால் அவருக்குச் செல்போர்னில் உதவிப் பாதிரியார் வேலைதான் கிடைத்தது, அதுவும் விட்டுவிட்டு. வேறு ஊர்களில் பெரிய பதவிக்கு வாய்ப்பு இருந்தும் அவர் இந்த ஊரை விட்டுப் போக விரும்பவில்லை.

மடம் இருந்த இடத்தில் இன்று பண்ணை. தோண்டி எடுத்த தரை ஓடுகள் சிலவற்றை ஊர்க் கோயிலில் பார்க்கலாம்.

ப. வ., சென்னை: 18-ஆம் நூற்றாண்டில் எத்தனை பேர் வாழ்ந்தார்கள்?

1783 அக்டோபரில் எடுத்த கணக்கு கையில் இருக்கிறது. 136 குடும்பங்கள், 676 பேர். தெருவில் 313, மற்றப் பகுதிகளில் 363.

இல்லத்தரசி, விருதுநகர்: ஏழைகள் எப்படி வாழ்ந்தார்கள் அம்மா? பறவைகளைப் பற்றி எழுதியவர் அவர்களையும் பார்த்தாரா?

பார்த்தார், ஆனால் ஒரு பாதிரியார் வீட்டு ஜன்னலிலிருந்து. ஏழைகள் நிறையப் பேர் உண்டு, பெரும்பாலும் கல் வீடோ செங்கல் வீடோ இருக்கிறது, மண் குடிசை ஒன்றும் இல்லை என்று எழுதுகிறார். ஆண்களுக்கு உழவு, ஹாப்ஸ் தோட்டம், மரம் வெட்டிப் பட்டை உரிக்கும் வேலை. பெண்களுக்கு வசந்தத்திலும் கோடையிலும் களையெடுப்பு, செப்டம்பரில் ஹாப்ஸ் பறிப்பு. முன்பெல்லாம் குளிர்காலத்தில் பெண்கள் கம்பளி நூல் நூற்றார்கள். அந்தத் தொழில் அவர் காலத்தில் நின்றுபோயிருந்தது.

அவர் ஏழை வீட்டுக்குள் உண்மையாகவே நுழைந்த இடம் ஒன்று உண்டு. அது கோரை விளக்கைப் பற்றிய கடிதம். ஈரநிலத்தில் வளரும் கோரை வகைப் புல்லைக் கோடையில் அறுத்துத் தண்ணீரில் போடுவார்கள். பிறகு தோலை உரிக்க வேண்டும். முழுவதும் உரித்துவிட்டால் உள்ளே இருக்கும் மென்தண்டு நிற்காது; ஆகவே மேலிருந்து கீழ்வரை ஒரே ஒரு தோல் நரம்பை மட்டும் விட்டுவிட்டு உரிப்பது கை வித்தை. பார்வை இழந்தவர்கள்கூட இதை நேர்த்தியாகவும் வேகமாகவும் செய்ததை வைட் பதிவுசெய்கிறார். உரித்ததைப் புல்லில் பரப்பிச் சில இரவுகள் பனியில் நனைத்து, வெயிலில் காயவைத்து, கொதிக்கும் கொழுப்பில் முக்கி எடுப்பார்கள். சிக்கனமான குடும்பப் பெண் கொழுப்புக்குக் காசு கொடுக்க மாட்டாள். பன்றி இறைச்சி வேகும் பானையில் மிதப்பதை வழித்து வைத்திருப்பாள்.

பிறகு கணக்கு. ஒரு ராத்தல் காய்ந்த கோரையை எடை போட்டு எண்ண வைத்தார். 1,600-க்கு மேல் இருந்தன. ஒரு ராத்தல் கோரை ஒரு ஷில்லிங். அதை முக்க ஆறு ராத்தல் கொழுப்பு, ராத்தல் நான்கு பென்னி வீதம் இரண்டு ஷில்லிங். மொத்தம் மூன்று ஷில்லிங். 2 அடி 4½ அங்குல நீளமுள்ள ஒரு கோரையைக் கடிகாரம் வைத்துப் பார்த்தார். 57 நிமிடம் எரிந்தது. சராசரி அரை மணி என்று குறைத்தே வைத்தாலும், மூன்று ஷில்லிங்குக்கு 800 மணி நேர வெளிச்சம். பென்னியில் கால் பங்கான ஒரு ஃபார்த்திங்குக்கு ஐந்தரை மணி நேரம் விளக்கு எரியும். அப்படியும் மிக ஏழைகள், அரைப் பென்னிக்கு இரண்டு மணி நேரம் எரியும் சில்லறை மெழுகுவத்தியையே வாங்குகிறார்கள் என்று வருந்துகிறார். எனக்கு அந்த நூலில் மிகப் பிடித்த பக்கங்கள் இவை. ஒரு கூலிக்காரனின் இரவுக்கு எவ்வளவு செலவாகும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்ட படித்தவர்கள் அந்தக் காலத்தில் எத்தனை பேர்?

ஆனால் மொத்தமாகச் சேர்த்துவைத்து மெழுகுவத்தியோ கோரையோ வாங்க முடியாதவனுக்குச் சில்லறையில்தான் வாங்க முடியும். அந்த வரியை அவர் எழுதவில்லை.

வரலாற்று மாணவி, தஞ்சாவூர்: 1830 கலவரம் செல்போர்னுக்கும் வந்ததா?

வந்தது, கடுமையாகவே வந்தது. வைட் இறந்து 37 ஆண்டுகள் ஆகியிருந்தன. நெப்போலியன் போர்கள் முடிந்த பிறகு தானிய விலை சரிந்தது, கூலி சுருங்கியது, கதிரடிக்கும் இயந்திரம் குளிர்கால வேலையைப் பறித்தது. பாரிஷின் ஏழை நிவாரணம் குறைந்துகொண்டே போனது. தென் இங்கிலாந்து முழுவதும் கூலிக்காரர்கள் கிளர்ந்தார்கள். 'கேப்டன் ஸ்விங்' என்ற கற்பனைப் பெயரில் பண்ணையாளர்களுக்கு மிரட்டல் கடிதங்கள் போயின.

1830 நவம்பர் 22 அன்று செல்போர்னில் கூட்டம் திரண்டது. இரண்டு கோரிக்கைகள். பாதிரியார் காபோல்ட் தசமபாகமாக ஆண்டுக்கு வாங்கும் 600 பவுண்டை 300 பவுண்டாகக் குறைக்க வேண்டும். பண்ணையாளர்கள் கூலியை உயர்த்த வேண்டும். இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது. தசமபாகம் குறைந்தால்தான் கூலி கூட்டித் தர முடியும் என்று பண்ணையாளர்கள் சொன்னார்கள். அவர்களில் சிலர் கூட்டத்தை உள்ளூர ஆதரிக்கவும் செய்தார்கள். பாதிரியார் பணிந்தார். அதே நாளில் ஏழைகளை அடைத்து வேலை வாங்கும் விடுதிக்குள் கூட்டம் புகுந்து அதைச் சூறையாடியது. மறுநாள் ஹெட்லி ஊரின் விடுதிக்கும் அதே கதி.

வேலை விடுதி பாரிஷின் இரக்கத்துக்கு அடையாளமாகக் கட்டப்பட்டது. உள்ளே இருந்தவர்களுக்கு அது சிறை. அவர்கள் வைக்கோற்போரைக் கொளுத்துவதை விட்டுவிட்டு விடுதியைக் குறிவைத்ததில் எனக்கு வியப்பில்லை. டிசம்பரில் வின்செஸ்டரில் சிறப்பு நீதிமன்றம் கூடியது. பலர் ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்கள். பண்ணையாளர்கள் தப்பித்துக்கொண்டார்கள். நான்கு ஆண்டுகளில் ஏழைச் சட்டமே மாற்றப்பட்டு, பொறுப்பு தனித்தனிப் பாரிஷ்களிடமிருந்து ஒன்றியங்களுக்குப் போனது. தசமபாகத்தைப் பணமாக மாற்றும் சட்டம் 1836-இல் வந்தது.

ஊரைப் பற்றி எழுதுபவர்கள் வைட்டின் பறவைகளோடு நிறுத்திவிடுகிறார்கள். இந்த நவம்பர் நாளையும் சேர்த்தால்தான் அது செல்போர்னின் வரலாறு.

இ. த., பெங்களூரு: எரிமலைப் புகை செல்போர்ன் வரை வந்ததாமே?

1783 கோடை. ஐஸ்லாந்தின் லாக்கி எரிமலைப் பிளவு ஜூன் 8-ஆம் தேதி வெடித்தது. செல்போர்னில் ஜூன் 23 முதல் ஜூலை 20 வரை ஒரு விசித்திரமான மூட்டம் நின்றதாக வைட் எழுதினார். காற்று எந்தத் திசையில் அடித்தாலும் அது கலையவில்லை. நண்பகல் சூரியன் மேகம் மூடிய நிலாவைப் போல வெளுத்திருந்தது. தரையில் விழுந்த ஒளி துரு நிறம். உதயத்திலும் அஸ்தமனத்திலும் இரத்தச் சிவப்பு. வெட்டிய இறைச்சி மறுநாளே உண்ண முடியாமல் கெட்டது. காரணம் ஐஸ்லாந்து என்று அவருக்குத் தெரியாது; இத்தாலியின் கலாப்ரியா நிலநடுக்கங்களையும், நார்வே கடலில் எழுந்ததாகக் கேள்விப்பட்ட எரிமலையையும் குறிப்பிட்டார். காரணம் தெரியாத நிலையில், கண்டதை மட்டும் தேதியோடு எழுதிவைத்தார். அதனால்தான் இன்றைய ஆய்வாளர்களுக்கு அது பயன்படுகிறது.

வாசகர், உதகமண்டலம்: மலைச்சரிவில் வாழ்பவன் நான். அங்கே நிலச்சரிவு உண்டா?

உண்டு. 1774 மார்ச் 8-ஆம் தேதி இரவு, பக்கத்துப் பாரிஷான ஹாக்லியில் தொங்குகாட்டின் பெரும்பகுதி அப்படியே பெயர்ந்து கீழே இறங்கியது. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் உருகிய பனியும் ஓயாத மழையும் நிலத்தை ஊறவைத்திருந்தன. மேலே கனமான கல்லடுக்கு, அடியில் நனைந்து குழைந்த கால்ட் களிமண்; களிமண் வழுக்கியதும் மேல்பாரம் சரிந்தது. சுமார் 50 ஏக்கர் பாழானது, இரண்டு வீடுகள் அழிந்தன. சரிவு நின்றபின் வெறுமையாகத் தெரிந்த பாறைச் செங்குத்து ஒரு சுண்ணக் குவாரி போல இருந்ததாம். செல்போர்ன் தெரு இந்த அடுக்கின் விளிம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது.

கல்லூரி மாணவர், திருவண்ணாமலை: மணற்காட்டைப் பிறகு சொல்வதாகச் சொன்னீர்கள்.

வூல்மர் அரச வேட்டைக்காடு. காடு என்றாலும், ஏழு மைல் நீளம் இரண்டரை மைல் அகலத்தில், ஹெத் புதரும் பெரணியும் மட்டுமே. நின்ற மரம் ஒன்றுகூட இல்லை என்கிறார் வைட். ஆன் அரசி லிப்பூக் சாலையில் பயணம் செய்தபோது, காவலர்கள் ஏறத்தாழ 500 செம்மான்களை அவர் முன் ஓட்டிக் காட்டினார்கள் என்பது ஊரார் வாய்மொழி. காவலர்களுக்கும் திருட்டு வேட்டைக்காரர்களுக்கும் ஓயாத சண்டை. அதன் விளைவாக வந்த 1723-ஆம் ஆண்டுச் சட்டம் மான் திருட்டுக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. பாரிஷ் மக்களுக்கோ அது விறகும், எரிக்க வெட்டியெடுக்கும் புல்வேர் மண்ணும் கிடைக்கும் இடம். உழவுக்கு ஒன்றும் தராத மணல், அடுப்புக்குத் தந்தது.

ரோமானியர் சுவடும் இங்கேதான். 1873-இல் பிளாக்மூரில் ஏறத்தாழ 30,000 நாணயங்கள் கொண்ட புதையல் கிடைத்தது. இராணுவம் வூல்மரைப் பயிற்சி நிலமாக எடுத்துக்கொண்டது. அதனால் அங்கே வீடும் வரவில்லை, பண்ணையும் வரவில்லை. பிரிட்டனின் பூர்வீக ஊர்வனவும் தவளை போன்ற நீர்நிலவாழ்வனவும் சேர்ந்த 12 இனங்களும் ஒருசேர வாழும் இடமாக அது தப்பியது.

பறவை ஆர்வலர், நாகர்கோவில்: வைட் தகைவிலான் குருவிகள் குளிர்காலத்தில் உறங்குகின்றன என்று நம்பினாரா?

முழுவதும் நம்பவில்லை, முழுவதும் கைவிடவும் இல்லை. அவர் தம்பி ஜிப்ரால்டரில் பாதிரியாராக இருந்தார். பறவைகள் கடலைக் கடந்து போவதை எழுதி அனுப்பினார். அதற்குப் பிறகும், தாமதமாகத் தென்படும் சில குருவிகள் இங்கேயே எங்காவது ஒளிந்து உறங்கலாமோ என்று குன்றின் புதர்களையும் சரிவுகளையும் தேட வைத்தார். ஆனால் உருவத்தில் ஒன்றுபோல இருக்கும் மூன்று கதிர்க்குருவிகளைக் குரலை வைத்து மூன்று தனி இனங்கள் என்று பிரித்தது அவரே. அறுவடை எலியை முதலில் விவரித்தவரும் அவரே. ஊரில் ஆண்டுதோறும் எட்டு ஜோடி உழவாரன் குருவிகள் என்று எண்ணிவைத்தார். மண்புழு இல்லாவிட்டால் நிலம் இறுகிப்போகும் என்று 1777-இல் எழுதினார். டார்வினின் மண்புழு நூல் வந்தது 1881-இல்.

எட்டாம் வகுப்பு மாணவி, காரைக்குடி: அவர் வளர்த்த ஆமைக்கு என்ன ஆயிற்று, டீச்சர்?

திமோத்தி என்ற நிலத்து ஆமை. சசெக்ஸின் ரிங்மரில் அத்தை வளர்த்தது; அவர் இறந்த பின் 1780-இல் செல்போர்னுக்கு வந்தது. வைட்டுக்கு அடுத்த ஆண்டு அதுவும் இறந்தது. பிறகுதான் அது பெண் ஆமை என்று தெரிந்தது. அதன் ஓடு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது, கண்ணு.

வாசகர், டொராண்டோ: கோயில் வளாகத்து யூ மரம் இன்னும் நிற்கிறதா?

இல்லை. வைட் அளந்தபோது அடிமரச் சுற்றளவு 23 அடி. 1990 ஜனவரி 25-ஆம் தேதிப் புயலில் விழுந்தது. கிளைகளை வெட்டிவிட்டு மீண்டும் நிமிர்த்தி நட்டார்கள், துளிர்விட்டது, நிலைக்கவில்லை. வேர் பெயர்ந்த குழியில் பழைய அடக்கங்களின் எலும்புகள் வெளிப்பட்டன. அதன் போத்து ஒன்றை அருகிலேயே நட்டிருக்கிறார்கள். இதற்கு முன் பிளெஸ்டர் மைதானத்துப் பெரிய ஓக் மரத்தை 1703 புயல் சாய்த்தது.

ச. ந., லண்டன்: ஒரு நாள் விடுமுறையில் வரலாம் என்று இருக்கிறோம் அக்கா. எங்கே நடக்க வேண்டும்?

வாட்டர்லூவிலிருந்து ஆல்டனுக்கு ரயில், அங்கிருந்து பீட்டர்ஸ்ஃபீல்ட் பக்கம் போகும் பஸ். ஊரில் இறங்கியதும் வைட் வாழ்ந்த வேக்ஸ் இல்லத்துக்குள் போய்விடாதீர்கள். 1955 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது, மாலையில் பார்க்கலாம். முதலில் குன்றுக்குப் போங்கள். 1753-இல் வைட்டும் தம்பி ஜானும் வெட்டிய வளைந்து நெளிந்து ஏறும் பாதை இன்றும் நடக்கத் தகுந்தது. உச்சியில் நின்று கிழக்கே பார்த்தால் நான் சொன்ன அடுக்குகள் அனைத்தும் படியாகக் கீழிறங்குவது தெரியும். பிறகு இறங்கி, தெருவைக் கடந்து, கோயில் வளாகத்தில் வைட்டின் கல்லறைக் கல்லைப் பாருங்கள். பெயரின் முதல் எழுத்துகளும் இறந்த தேதியும் மட்டும் பொறித்த சிறிய கல், தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதன் பின்னால் லைத் என்ற புல்வெளிகள் வழியாக ஓடையை ஒட்டி மடம் இருந்த பண்ணை வரை போகலாம். கால் கடுக்காத குழந்தைகள் என்றால் இன்னும் கிழக்கே ஓக்ஹேங்கர் வரை நடந்து மணலைத் தொட்டுவிடுங்கள். மார்ச் வரை கால்ட் களிமண் முழங்கால் அளவுக்கு இழுக்கும். ரப்பர் பூட்ஸ் இல்லாமல் வர வேண்டாம்.